வெறும் வயிறு

ஹோண்டுராஸ் நாட்டின் தலைநகர் டெகுசிகல்பாவில் 1980களில் தெருவில் வாழ்ந்த சிறுவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் ‘ரெசிஸ்டோலேரோஸ்’. செருப்புத் தைப்பவர்களும் தச்சர்களும் வாங்கும் ரெசிஸ்டோல் என்ற பசையிலிருந்து பிறந்த பெயர் அது. குட்டிப் பாட்டிலிலோ பிளாஸ்டிக் பையிலோ கொஞ்சம் பசையை ஊற்றிக்கொண்டு, வாயும் மூக்கும் மூடும்படி பிடித்து இழுப்பார்கள். பசையில் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பான் நுரையீரல் வழியாக நொடிகளில் மூளைக்குப் போய்விடும். ஏன் இழுக்கிறாய் என்று கேட்ட சமூகப் பணியாளர்களிடம் பிள்ளைகள் சொன்ன காரணங்கள் பெரும்பாலும் மூன்று: பசி தெரியாது, குளிர் தெரியாது, பயம் தெரியாது.

1989இல் ஹோண்டுராஸ் நாடாளுமன்றம் விநோதமான ஒரு சட்டம் போட்டது. கரைப்பான் கலந்த பசைகளில் கடுகு எண்ணெயைச் சேர்க்க வேண்டும். கடுகின் காரம் மூக்கைப் பிய்த்தால் யாரும் முகர மாட்டார்கள் அல்லவா? பசையைத் தயாரித்த ஹெச்.பி. ஃபுல்லர் நிறுவனம், அந்த எண்ணெயே நச்சு என்று சொல்லி எதிர்த்தது. சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. பல வருடக் கண்டனங்களுக்குப் பிறகு, 1992இல், ஹோண்டுராஸிலும் குவாத்தமாலாவிலும் சில்லறை விற்பனையை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

அந்தப் பேச்சு முழுவதிலும் பசையில் என்ன கலப்பது என்பதே பொருளாக இருந்தது. பிள்ளைகள் சொன்ன முதல் காரணத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஃபுல்லர் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில். பசிக்கும் போதைக்கும் என்ன உறவு என்பதற்கான முக்கியமான விடைகள் சில, ஆற்றைத் தாண்டினால் வரும் மினியாபொலிஸில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தன. ஒரு காலத்தில் உலகத்துக்கே கோதுமை மாவு அரைத்துக் கொடுத்த நகரம் அது. பசியைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே குவிந்தது தற்செயலாகவும் இருக்கலாம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

முதல் ஆராய்ச்சி போதையைப் பற்றியதே இல்லை. இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில், பட்டினியில் வாடும் ஐரோப்பாவை எப்படி மீட்டெடுப்பது என்று அறிய விரும்பினார் உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் தங்கள் உடலைச் சோதனைக்குத் தர முன்வந்தனர். பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக்கு அடியில் இருந்த அறைகளில் தங்கவைத்து, 1945 பிப்ரவரி முதல் 24 வாரங்களுக்கு அவர்களை அரைப்பட்டினி போட்டார் கீஸ். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. அதுவும் நாளுக்கு இரண்டு வேளை. எடையில் கால்பங்கு கரைந்துபோனது.

உணவைப் பற்றிய கனவுகள், எரிச்சல், சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படிப்பது என்று பட்டினியின் மனநிலையைப் பற்றி கீஸ் குழு எழுதிவைத்தவை புகழ்பெற்றவை. அவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் குறிப்பு உண்டு. அந்த இளைஞர்களுக்குக் காப்பியும் தேநீரும் தாராளமாகக் கிடைத்தன. அவர்கள் குடித்த வேகத்தைப் பார்த்து, நாளுக்கு ஒன்பது கோப்பைக்கு மேல் கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று. சூயிங்கம் மெல்வதும் எல்லை மீறியது. ஒருவர் ஒரே நாளில் 40 பாக்கெட் வரை மென்றார். அவர்கள் பதின்பருவத்தினர் அல்லர், 22 முதல் 33 வயதுக்காரர்கள். எதற்கும் அடிமையானவர்களும் அல்லர். வயிறு காலியானதும், மூளையை லேசாகக் கிளர்த்தக்கூடிய எது கையருகே இருந்ததோ அதை நோக்கிக் கை போனது. அவ்வளவுதான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகத்தில், மரிலின் கேரல் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை எலிகளிடம் பார்த்தார்கள். இந்த முறை காப்பி இல்லை. ஓபியம் வகையைச் சேர்ந்த கடுமையான மருந்து. எலிக்குத் தேவையான அளவு தீனி கிடைக்கும் நாட்களில் அது எடுத்துக்கொள்ளும் மருந்தின் அளவைக் குறித்தார்கள். தீனியைக் குறைத்தார்கள். மருந்தின் அளவு ஏறியது. மறுபடி வயிறு நிறையத் தீனி கொடுத்தார்கள். அளவு இறங்கியது. வாயால் குடித்தாலும் இரத்தக் குழாயில் ஏற்றினாலும் இதே கதைதான். 1979இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரை மூன்று பக்கம்கூட நிறையாது. அதன்பின் பல ஆய்வகங்கள் கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின், மது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தன. பசித்த விலங்கு அதிகம் எடுத்துக்கொள்கிறது என்ற விடை திரும்பத் திரும்ப வந்தது.

ஏன்?

பசி என்பதை வயிற்றின் சமாசாரமாகவே நாம் எண்ணுகிறோம். மூளைக்கு அது ஒரு கட்டளை: எழுந்திரு, தேடு, சோர்ந்துபோகாதே. இரை தேடும் விலங்குக்குக் கூர்மையும் துணிச்சலும் வேண்டும். தேடிக் கிடைத்ததும் ‘இதுதான், இதை மறக்காதே’ என்று பதியவும் வேண்டும். அந்த இரண்டையும் நடத்துவது டோபமைன் பாயும் வெகுமதிச் சுற்று. உடலின் கொழுப்புத் திசுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வகம் 1994இல் கண்டறிந்தது இது. கொழுப்பு இருப்பில் இருக்கும்வரை லெப்டின் மூளைக்கு ‘அவசரமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பட்டினியில் லெப்டின் சரிகிறது. வெகுமதிச் சுற்றின் கடிவாளம் தளர்கிறது. ஹெராயினுக்காக விசையை அழுத்துவதை மறந்துபோன எலிகளை ஓரிரு நாள் பட்டினி போட்டால், அவை மறுபடி அதே விசையைத் தேடிப் போகின்றன. மூளைக்குள் லெப்டினைச் செலுத்தினால் அந்தத் தேடல் தணிகிறது. போதைப்பொருள் இங்கே செய்வது ஒரு திருட்டு. உணவுக்காகத் தீட்டிவைத்த கூர்மை முழுவதையும் அது தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

எலி வேறு, பதினைந்து வயதுப் பிள்ளை வேறு. கூண்டில் நண்பன் இல்லை, பரீட்சை இல்லை, வீட்டில் சண்டை இல்லை. பசித்த பிள்ளைகள் எல்லாம் போதைக்குப் போவதில்லை. போதைக்குப் போகிறவர்கள் எல்லாம் பசித்தவர்களும் இல்லை. ஆனால் பதின்பருவத்தின் உடல் இந்த விஷயத்தில் கொஞ்சம் விசேஷமானது. உயரமும் தசையும் எலும்பும் ஒரே சமயத்தில் வளரும் அந்த வருடங்களில் சாப்பாட்டுத் தேவை உச்சத்தில் இருக்கிறது. வெகுமதிச் சுற்று முழு வீச்சில் ஓடுகிறது. அதை இழுத்துப் பிடிக்க வேண்டிய முன்நெற்றிப் புறணி முதிர இருபத்தைந்து வயது நெருங்கிவிடும். இந்த நிலையில் வயிற்றையும் காலியாக வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தெருவில் வாழும் பிள்ளைகளிடம் விடை கண்கூடு. இந்தியாவில் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில் ஒரு எண் தனித்து நிற்கிறது. மது, கஞ்சா, ஓபியம் வகைகள் எல்லாவற்றிலும் பெரியவர்களே முன்னால். முகரும் பொருட்களில் மட்டும் கணக்கு தலைகீழ்: 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், வொயிட்னர், பெயின்ட் தின்னர். கடையில் யாரும் வயது கேட்காத பொருட்கள், விலை மலிவு, பசியை மந்தமாக்கும். டெகுசிகல்பாவின் மூன்று காரணங்களை டெல்லி ரயில் நிலையத்திலும் கேட்கலாம்.

தானாக வரவழைத்துக்கொள்ளும் பசி இன்னொன்று. அது தெருவில் இல்லை; நல்ல பள்ளிக்கூடங்களில், நிரம்பிய ஃபிரிட்ஜ் இருக்கும் வீடுகளில் இருக்கிறது.

மறுபடி மினசோட்டா. 1998-99 கல்வியாண்டில் டயான் நியூமார்க்-ஸ்டைனர் தலைமையிலான குழு, மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் 31 பள்ளிகளைச் சேர்ந்த 4,746 மாணவர்களிடம் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், எடையைக் குறைக்க என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டது. ‘புராஜெக்ட் ஈட்’ என்ற பெயரில் இன்றுவரை பேசப்படும் ஆய்வு. பெண்பிள்ளைகளில் பாதிக்கும் மேலானவர்களும், பையன்களில் மூன்றில் ஒருவரும், உடம்புக்குக் கெடுதலான ஏதாவது ஒரு வழியில் எடை குறைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் எவற்றை அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்: பட்டினி கிடப்பது, மிகக் கொஞ்சமாகச் சாப்பிடுவது, வேளைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, அதோடு சிகரெட்டை அதிகமாகப் புகைப்பது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு சிகரெட் ஒரு டயட் முறை. மிச்சிகனில் டீன் கிரான் என்ற மனநல மருத்துவர், கல்லூரியில் சேரவிருந்த பெண்களிடம் நடத்திய ஆய்வு 1992இல் வந்திருந்தது. டயட் எவ்வளவு கடுமையோ, அந்த அளவுக்கு மதுவும் புகையும் கஞ்சாவும் படிப்படியாகக் கூடியிருந்தன. உணவுக் கோளாறு என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போகாத, சாதாரண டயட்காரர்களிடமும் அந்த ஏற்றம் தெரிந்தது.

சிகரெட்டால் எடையைக் குறைக்கும் யோசனையைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. 1928இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில், இனிப்பை எடுக்கப்போகும் கை அதற்குப் பதிலாக லக்கி ஸ்டிரைக் சிகரெட்டை எடுக்கட்டும் என்று விளம்பரம் செய்யத் தொடங்கினார். பெண்களைக் குறிவைத்த விளம்பரம். மிட்டாய் உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். லக்கியின் விற்பனையோ எகிறியது. 1968இல் ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் பெண்களுக்கென்றே வர்ஜினியா ஸ்லிம்ஸ் சிகரெட்டைக் கொண்டுவந்தது. ஒல்லி என்ற வாக்குறுதியைப் பெயரிலேயே ஏற்றியிருந்தார்கள். கலிஃபோர்னிய ஆய்வாளர் ஜான் பியர்ஸ் பிற்பாடு பழைய புள்ளிவிவரங்களைத் தோண்டிப் பார்த்தபோது, 18 வயதுக்குக் கீழான பெண்பிள்ளைகள் புகைக்கத் தொடங்கும் வீதம் 1967 வாக்கில் ஏறத் தொடங்கி 1973இல் உச்சத்தைத் தொட்டிருந்தது தெரிந்தது. பதினெட்டைத் தாண்டிய பெண்களிடம் அப்படியொரு ஏற்றம் இல்லை.

தர்மசங்கடமான உண்மை என்னவென்றால், விளம்பரம் சொன்னதில் உயிரியல் இருக்கிறது. புகையை விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் மரினா பிச்சியோட்டோவின் குழு 2011இல் இதற்கான இடத்தைக் கண்டுபிடித்தது. ஹைபோதலாமஸில் பி.ஓ.எம்.சி. நியூரான்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் ‘போதும்’ என்று சொல்பவை அவை. நிகோட்டின் அவற்றின் மேல் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தட்டி, சாப்பிடாமலே ‘போதும்’ என்று சொல்லவைக்கிறது. வயல் வேலையிலும் கட்டட வேலையிலும் மதியச் சாப்பாடு தாமதமாகும் என்று தெரிந்தால் வாயில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கும் இதுதான் விளக்கம். சட்டம்கூட உணவையும் புகையிலையையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கிறது: தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை போட்டது போதைத் தடுப்புச் சட்டம் இல்லை, உணவில் புகையிலையோ நிகோட்டினோ சேரக்கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி.

நான்கு ஆண்டுகள் கழித்து, அதே யேலில், தாமஸ் ஹோர்வாத்தின் ஆய்வகம் கஞ்சாவைக் கையில் எடுத்தது. கஞ்சா புகைத்தவருக்கு ராட்சசப் பசி வரும் என்பது கல்லூரி விடுதிகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அப்படியானால் ‘போதும்’ நியூரான்களை அது வாயடைத்திருக்க வேண்டும் என்பதே எல்லோரும் நினைத்தது. பார்த்தால், அவை முன்னைவிட மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. பி.ஓ.எம்.சி. நியூரான் ஒரே மூலப் புரதத்திலிருந்து இரண்டு சரக்குகளைத் தயாரிக்கும்: ஒன்று நிறைவுச் செய்தி, மற்றொன்று பீட்டா எண்டார்ஃபின், உடலின் சொந்த ஓபியம். கஞ்சாவின் டி.ஹெச்.சி. ஏறியதும் அதே நியூரான் நிறைவுச் செய்தியை விட்டுவிட்டு எண்டார்ஃபினை அனுப்புகிறது. வண்டியை நிறுத்த மிதித்த பிரேக்கே ஆக்சிலேட்டராக மாறிவிடுகிறது. ஒரே செல் கூட்டம். சிகரெட்டுக்குப் பசியை அணைக்கிறது, கஞ்சாவுக்குக் கொளுத்திவிடுகிறது. உணவும் போதையும் மூளையில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். அக்கம்பக்கம் என்பது போதாது, ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

அந்த வீட்டின் ஒரு கதவைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு விலை கொடுத்துக் கற்ற பாடம் ரிமோனபான்ட். டி.ஹெச்.சி. ஒட்டும் சி.பி.1 ஏற்பியை அடைத்துவிட்டால் பசி குறையும் என்ற கணக்கில் சனோஃபி-அவென்டிஸ் நிறுவனம் தயாரித்த எடைக்குறைப்பு மாத்திரை அது. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. எடை குறைந்தது, கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. பசியின் கதவைப் பூட்டியவர்கள், சந்தோஷம் வந்துபோகும் கதவும் அதுவே என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள்.

மாத்திரைகளில் இன்னொரு குடும்பக் கதையும் உண்டு. 1960களில் அமெரிக்காவில் ஒல்லியாக விரும்பியவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித்தந்த ஒபெட்ரால், ஆம்ஃபெட்டமின் உப்புகளின் கலவை. கிட்டத்தட்ட அதே கலவை 1996இல் அடரால் என்ற பெயரில் கவனக்குறைபாட்டு மருந்தாக மறுபிறவி எடுத்தது. இன்று பரீட்சைக்காக அதை நண்பனிடம் கடன் வாங்கும் மாணவர்களில் சிலர் எடை குறைப்பதற்கென்றே வாங்குகிறார்கள். தாத்தா காலத்து டயட் மாத்திரைக்கே திரும்பியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மதுவின் கணக்கு வேறு மாதிரி. ஒரு கிராம் ஆல்கஹாலில் ஏழு கலோரி இருக்கிறது. கொழுப்புக்கு அடுத்த இடம். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட இளைஞர்களில் ஒரு பகுதியினர், இரவு குடிக்கப்போகும் கலோரியை ஈடுகட்ட மதியமும் மாலையும் சாப்பிடாமல் இருக்கிறார்கள். அமெரிக்க, ஆஸ்திரேலியக் கல்லூரிகளில் பரவலாக ஆராயப்பட்ட பழக்கம். வயிற்றில் உணவு இருந்தால் மது சிறுகுடலுக்குப் போவது தாமதமாகும். வெறும் வயிற்றில் நேராக இறங்கி, இரத்தத்தில் சட்டென்று ஏறும். அதே இரண்டு கோப்பை, இரட்டிப்பு ஆபத்து. விபத்து, வாந்தியில் மூச்சடைப்பு, நினைவு தப்புதல், பெண்களுக்குப் பாலியல் வன்முறை எல்லாம் அந்த ஏற்றத்தின் பின்னாலேயே வருகின்றன.

இந்த இடத்தில் சர்க்கரையைப் பற்றிச் சொல்லாமல் போனால் வாசகர் விட மாட்டார். கொக்கெய்னைவிட சர்க்கரை மோசமான போதை என்று சமூக ஊடகங்களில் சுற்றும் வாக்கியத்தின் ஊற்று, பிரான்ஸின் போர்தோ நகரில் செர்ஜ் அகமதின் ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனை. இனிப்பான சாக்கரின் நீர் ஒரு பக்கம், கொக்கெய்ன் ஊசி ஒரு பக்கம் என்று தேர்வு கொடுத்தபோது 94 சதவீத எலிகள் இனிப்பையே எடுத்தன. இதைக் கேட்டுப் பதறி ஜாங்கிரியை ஒளித்துவைப்பது ஒரு வகை வாசிப்பு. அது தவறான வாசிப்பு என்றே சொல்ல வேண்டும். மினசோட்டாவின் கேரல் 1989இலேயே இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார். குளுக்கோஸும் சாக்கரினும் கலந்த இனிப்பு நீர் கிடைத்த எலிகளிடம் கொக்கெய்ன் பழக்கம் ஒட்டுவதே கடினமாக இருந்தது. வெறும் கூண்டு, அரை வயிறு, தண்ணீர் என்று இருந்த எலிதான் சுலபமாக மாட்டியது. எலி போதையை விட்டு இனிப்பைத் தேர்ந்தெடுத்தது என்ற செய்தியை, இனிப்பு எவ்வளவு பயங்கரம் என்று படிப்பதா, ருசியான வேறொன்று கையருகே இருந்தால் போதையின் பிடி எவ்வளவு பலவீனம் என்று படிப்பதா? ஆதாரம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. பதின்பருவத்துப் பிள்ளையின் வாழ்க்கையில் ருசியானவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது, அது வாரத்துக்கு எத்தனை லட்டு தின்கிறது என்று எண்ணுவதைவிடப் பயன் தரும்.

இப்படிச் சொன்னதும், வீட்டுச் சாப்பாட்டு மேசையே மருந்து என்ற முடிவுக்குத் தாவ ஆசை வரும். ஓர் அமைப்பு அப்படித்தான் தாவியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போதைப்பழக்க மையத்தை 1992இல் தொடங்கியவர் ஜோசப் கலிஃபானோ. அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அமைச்சரவையில் சுகாதாரத் துறையை வகித்தவர், நாளுக்குப் பல பாக்கெட் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு நிறுத்தியவர். வாரத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகளைவிட, மூன்றுக்கும் குறைவாகச் சாப்பிடும் பிள்ளைகள் புகைக்கவும் குடிக்கவும் கஞ்சா அடிக்கவும் பல மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அந்த மையம் வருடா வருடம் அறிக்கை விட்டது. செப்டம்பர் மாத நான்காவது திங்கட்கிழமையைக் குடும்ப உணவு நாளாக்கியது. அமெரிக்க அதிபர்களும் மாநில ஆளுநர்களும் பிரகடனம் வெளியிட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். போதை ஒழிப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வழி!

சந்தேகம் எங்கே எழுகிறது என்று சொல்வது எளிது. தினமும் எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் பெரும்பாலும் அப்பா இரவுப் பணியில் இல்லை, பெற்றோர் பிரிந்திருக்கவில்லை, பிள்ளை எங்கே, யாரோடு என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளையைக் காப்பது சாம்பாரா, அந்தச் சூழலா? தவிர, குடிக்கத் தொடங்கிய பையன்தான் முதலில் மேசையைத் தவிர்ப்பான், வாயில் வாடை வரும் என்று.

புராஜெக்ட் ஈட் குழு இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்தது. 1998-99இல் பேசிய பிள்ளைகளில் 806 பேரை ஐந்து வருடம் கழித்து மறுபடி கேட்டார்கள். 2008இல் வெளிவந்த விடை பாதி நல்ல செய்தி. தொடக்கத்தில் குடும்பத்தோடு வழக்கமாகச் சாப்பிட்டுவந்த பெண்பிள்ளைகள் பிற்பாடு புகை, மது, கஞ்சா பக்கம் போவதற்கான வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. பையன்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே மேசை, ஒரே சோறு, ஆனால் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன். 2012இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெல்லி முசிக்கும் மினசோட்டாவின் ஆன் மையரும் இன்னும் பெரிய வலையை வீசினார்கள். ஏறத்தாழ 18,000 அமெரிக்கப் பதின்பருவத்தினர். குடும்ப உறவு, பெற்றோரின் கண்காணிப்பு, சேர்ந்து செய்யும் மற்ற காரியங்கள் என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்தார்கள். மேசையின் பலன் சுருங்கியது, முற்றிலும் மறையவில்லை. கடுமையான சோதனைகளில் சில தொடர்புகள் மட்டுமே தாக்குப்பிடித்தன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு பார்த்தபோது நேரடியான பலன் எதுவும் மிஞ்சவில்லை.

கலிஃபானோவின் அறிக்கைகளைவிட இந்தச் சுருங்கிய விடையே நம்பத்தகுந்தது. அதில் ஒரு கருணையும் இருக்கிறது: இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்து, பிள்ளைக்கு இரவுச் சாப்பாட்டைப் பாத்திரத்தில் மூடிவைத்துவிட்டுப் போகும் தாய், தன் பிள்ளை கெட்டுப்போக வழிசெய்துவிட்டதாகக் குமுற வேண்டியதில்லை. பிள்ளை யாரோடு சாப்பிடுகிறது என்பதில் ஆதாரம் தடுமாறுகிறது. சாப்பிட்டதா இல்லையா என்பதில் அது அப்படித் தடுமாறவில்லை.

சிகிச்சை மையங்களில் இந்த விஷயம் வேறு வடிவில் வருகிறது. மீட்புக் கூட்டங்களில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பவற்றுள் ஒன்று, பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கில் எது வந்தாலும் உஷாராக இரு என்பது. நான்கில் முதலாவது பசி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 1939ஆம் ஆண்டு நூலிலேயே, குடியை விட்டவர்கள் இனிப்பைக் கையோடு வைத்துக்கொள்வது உதவும் என்ற மருத்துவர் ஒருவரின் யோசனை இடம்பெற்றிருக்கிறது. கேரலின் எலிகளுக்கு ஐம்பது வருடம் முன்னால்!

கலிஃபானோவின் மையம் வெளியிட்டவற்றில் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டியது, 2003இல் வந்த வேறோர் அறிக்கை. உணவுக் கோளாறு உள்ளவர்களில் பாதிப்பேர்வரை மதுவையோ போதைப்பொருளையோ தவறாகப் பயன்படுத்துகிறார்கள், பொது மக்களிடம் அது 9 சதவீதம். போதைப் பழக்கம் உள்ளவர்களில் 35 சதவீதம்வரை உணவுக் கோளாறு இருக்கிறது, பொது மக்களிடம் 3 சதவீதம் என்றது அது. இவ்வளவு பின்னிக் கிடக்கும் இரண்டையும் மருத்துவம் இரண்டு கட்டடங்களில் வைத்திருக்கிறது. ஆம்ஃபெட்டமினை விட்ட பதினேழு வயதுப் பெண்ணுக்குச் சாப்பாட்டின் ருசி திரும்பும், எடை ஏறும். கண்ணாடி முன்னால் நின்று பயந்துபோய் மறுபடி மாத்திரையைத் தேடுவாள். போதை மையத்தில் அது ‘மறு வீழ்ச்சி’ என்று பதிவாகும். உணவுக் கோளாறு மருத்துவரிடம் அதையே சொன்னால் அவர் வேறு பெயர் சொல்வார்.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இப்போது ஒரு மருந்து வந்து நிற்கிறது. சாப்பிட்ட பின் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோனைப் போல நடிக்கும் செமாகுளுடைட். எடை குறைப்பதற்காக அதைப் போட்டுக்கொண்டவர்கள் குடியில் நாட்டம் போய்விட்டதாக மருத்துவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கேரலின் கண்டுபிடிப்புக்கு இது நேர் எதிர்: சாப்பாடு குறைந்தால் போதை நாட்டம் ஏறத்தானே வேண்டும்? வித்தியாசம் மூளைக்குப் போகும் செய்தியில் இருக்கிறது. டயட் இருக்கும் பிள்ளையின் மூளைக்கு ‘இல்லை, தேடு’ என்று தகவல் போகிறது. செமாகுளுடைட் போட்டவரின் மூளைக்கு ‘சாப்பிட்டாயிற்று’ என்று போகிறது. தட்டில் இருப்பது இருவருக்கும் ஒரே அளவுதான். 2025 பிப்ரவரியில் வெளியான ஒரு சிறிய சோதனையில், குடிப்பழக்கப் பிரச்சினை உள்ள 48 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒன்பது வாரங்கள் குறைந்த அளவில் இந்த ஊசி போட்டபோது, குடிக்கும் அளவும் குடிக்கத் தோன்றும் ஆசையும் குறைந்தன. அந்த 48 பேரும் பெரியவர்கள். உடல் பருமனுக்காக இதே மருந்தை 12 வயதுப் பிள்ளைகளுக்கும் எழுதித்தரலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது அதற்கு முன்பே, 2022 டிசம்பரில்.